நட்டுவாயும் நான்காவது நட்டும்

மண்ணூர்பேட்டையில் வாயைத் திறக்காமலே ஒரு தெருவையே திட்டித் தீர்க்கத் தெரிந்தவர் நட்டுவாய் ஒருவர்தான். வேலை நடக்கும்போது நட்டையெல்லாம் வாயில் போட்டுக்கொள்வார். கீழே வைத்தால் உருண்டு ஓடிவிடுமாம். அதனால் திட்டு மூக்கு வழியாகத்தான் வரும். எட்டாவதோடு படிப்பை விட்டு அவர் பட்டறையில் வேலை பார்த்த எனக்கு அந்த மூக்குத் தமிழ் அத்துப்படி. பயப்படாமல் இருப்பதுதான் வரவில்லை.

பாரிவாக்கத்தில் குடியிருந்த ஐ.டி. தம்பி ஒருவர், இறந்துபோன அப்பாவின் பழைய ஜப்பான் காரை இழுத்துவந்தார். ரோட்டரி இன்ஜின். பிஸ்டன், வால்வு எதுவும் கிடையாது. உள்ளே முக்கோண உருளைதான் சுற்றும். பழைய கார்பரேட்டர் போய்விட்டதால், வேறு கம்பெனி செய்த பெரிய கார்பரேட்டரையும் அது உட்காரும் மேனிஃபோல்டு என்ற குழாயையும் வரவழைத்திருந்தார். மேனிஃபோல்டின் வாய்க்குள் ஒரு நட்டு விழுந்தால் நேரே உருளைக்குப் போய் இன்ஜினை நாசமாக்கிவிடும். இன்னொரு இன்ஜினுக்கு எங்கே போவது?

மேனிஃபோல்டு ஏறிவிட்டது. மேலே கார்பரேட்டரை வைத்து நான்கு நட்டு முடுக்கினால் முடிந்தது. நட்டுவாய் நான்கையும் வாயில் போட்டுக்கொண்டு, குனிந்து மேனிஃபோல்டின் வாய்ப்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து தம்பி, ஸ்டார்ட் ஆயிருமாண்ணே என்று கேட்டார். பதில் சொல்லப் போன நட்டுவாய்க்கு இருமல் வந்துவிட்டது. பிறகு கையில் துப்பினார்.

மூன்று.

டார்ச் அடித்தோம். தரையைக் கூட்டினோம். காந்தத்தை உள்ளே விட்டால் வளைவு தாண்டிப் போகவில்லை. ஸ்டார்ட் செய்து பார்க்கிற விஷயமா இது? தம்பி, “அப்பா வண்டிண்ணே” என்றார்.

நட்டுவாய் வயிற்றைத் தடவினார். “மாமே, ஆட்டோ புடி. எக்ஸ்ரே எடுக்கணும்.”

“இன்ஜினுக்கா?” என்றேன் நான்.

“எனுக்கு.”

அம்பத்தூர் வரை கண்ணை மூடி வேண்டிக்கொண்டே வந்தார். தன் வயிற்றில் இரும்பு இருக்கவேண்டும் என்று சாமியிடம் கேட்டவர் உலகத்திலேயே அவராகத்தான் இருப்பார். படம் வந்தது. வயிற்றுக்குள் வெள்ளையாக ஓர் அறுகோணம், நடுவில் ஓட்டை. தானாக வெளியே வந்துவிடும் என்று சொல்லிவிட்டு டாக்டர் திட்டத் தொடங்கினார். கேட்க இவர் அங்கே இல்லை.

பட்டறைக்கு ஓடிவந்து படத்தைத் தம்பி கையில் திணித்தார். “பாத்துக்கோ நைனா. உன் இன்ஜின் சுத்தம். எல்லாம் எங்கிட்டதான் கீது.”

புது நட்டு போட்டுச் சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரு உறுமு உறுமியது. தம்பி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து நட்டெல்லாம் என் உள்ளங்கைக்கு வந்தது. கை நடுங்க, நட்டுகள் கிலுகிலுக்கும். வேறு யாரிடமாவது கொடுங்கள் அண்ணாத்தே என்றேன்.

“வோணாம். அந்தச் சத்தம் கேட்டுகினு இருந்தாத்தான் நட்டு பத்திரமா கீதுன்னு எனுக்குத் தெரியும்.”

என் பயத்துக்கும் ஒரு வேலை போட்டுக்கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.