நாக்கண்ணனின் வலது கண்

பெங்களூரில் என்னைத் தூக்கிவாரிப் போட வைத்த ஆட்களைப் பட்டியல் போட்டால், முதல் பத்து இடமும் நாக்கண்ணனுக்குத்தான். ஆட்டோக்காரர்கள் பதினோராவது இடத்துக்குச் சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

பொம்மசந்திராவில் மூலிகைச் சாறு எடுக்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு லேப் வேலை. லாரி லாரியாக நிலவேம்பு வரும். காய்ச்சலுக்குக் கஷாயம் வைப்போமே, அதேதான். ஒரு மூட்டை இலையைச் சாறெடுத்து, வற்றவைத்து, பொடியாக்கினால் கடைசியில் ஒரு சின்ன டப்பாதான் தேறும். அது மாத்திரைக்குப் போகும். கசப்பு இருந்தால்தான் அந்த இலை மருந்து, இல்லாவிட்டால் மாட்டுத் தீவனம்.

கசப்பை அளக்க என் லேபில் மிஷின் இருக்கிறது. இரண்டு மணி நேரம் யோசித்துத்தான் பதில் சொல்லும். கம்பெனி கேட்டிலோ நாக்கண்ணன் இருந்தார். மர்பி டவுன்காரர். மூட்டையில் கைவிட்டு ஒரு சிட்டிகையை நாக்கில் வைப்பார். வலது கண் மெல்ல மூடும். முழுக்க மூடினால் லோடு இறங்கும். பாதி மூடினால் மேனேஜரைப் பார்க்க வேண்டும். மூடவே இல்லையென்றால் டிரைவர் லாரியை ரிவர்ஸ் எடுத்துவிடுவார்.

நான் சேர்ந்த அன்று ஒரு லோடுக்குக் கண் அசையவே இல்லை.

"இன்னா சார் முழிக்கிறீங்க? மழையில நனைஞ்ச சரக்கு. நாலு நாள் மூட்டைக்குள்ளயே வேர்த்திருக்கு. வோணும்னா உங்க மிஷினையும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

கேட்டேன். கசப்பு இல்லை என்றே மிஷினும் சொன்னது. நனைந்ததை டிரைவரே ஒப்புக்கொண்டார்.

இலையோடு விட்டாரா மனுஷன்? ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் அக்கவுண்டன்ட் கல்யாணம். பந்தியில் ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, மண்டபமே கேட்க, "போன வருஷத்துப் புளி!" என்றார். சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்தார். இன்றைக்கு இவருக்கு மண்டை உடையப் போகிறது என்று நான் இலையோடு நகர்ந்து உட்கார்ந்தேன். வந்தவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்படிப்பட்டவர் ஒரு தடவை காய்ச்சலில் பத்து நாள் படுத்தார். அதே சமயத்தில் புது மேனேஜர் வந்து சேர்ந்தார். "மிஷின் இருக்கறப்ப நாக்கு எதுக்கு?" என்று மீட்டிங்கிலேயே கேட்டார். ஒரே ஒரு லோடு தப்பானால் போதும், நாக்கண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று எல்லோருக்கும் புரிந்தது.

காய்ச்சல் விட்டு வந்தார். ஒரு வாரம் எல்லா லோடுக்கும் கண் முழுக்க மூடியது. எனக்கு எதுவோ உறுத்தியது. கிட்டே போய்ப் பார்த்தேன். அட கடவுளே! இலை நாக்கைத் தொடுவதற்கு முன்பே கண் மூடிக்கொண்டது!

கேட்டுவிடலாம் என்று மத்தியானம் ஸ்டோருக்குப் போனால், மனுஷன் தரையில் கிடக்கிறார். வாயெல்லாம் பொடி. பக்கத்தில் சாற்றுப் பொடி டப்பாவும் ஸ்பூனும். எனக்கு உயிரே போய்விட்டது. தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டார்கள். தூக்கி வந்த மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நாக்கு அண்ணன் நாக்கண்ணன் ஆனதுதான் தெரியும், நிஜப் பெயர் இத்தனை வருஷத்தில் யாருக்கும் தெரியாது! 'நாக்கண்ணன்' என்றே எழுதிக் கொடுத்தேன்.

டாக்டர் டப்பாவைப் பார்த்து அலறினார். "ஏன்ரீ இது, என்னங்க இது! பிபி மாத்திரை சாப்பிடறவர் இதை ஸ்பூன் ஸ்பூனாத் தின்னாரா? பிபி, சுகர் ரெண்டும் பாதாளத்துல இருக்கு!"

கண் திறந்திருந்த நாக்கண்ணன் முனகினார். "மூலிகைதான சார், இன்னா பண்ணிடும்?"

"ஏதாவது பண்றதாலதானய்யா அதுக்கு மருந்துன்னு பேரு!"

டாக்டர் போனதும் நாக்கண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "காய்ச்சலோட ருசியும் போயிடிச்சு சார். வீட்டுக் கொழம்புல உப்பு இருக்குதா இல்லியான்னுகூடத் தெரில. இலையில ஒண்ணும் தெரில, பொடியிலயாச்சும் தெரியுமான்னு தெனம் தின்னு பார்த்தேன். நாக்கு போச்சுன்னா நான் யாரு சார்? மூட்டை தூக்குற வயசா எனக்கு?"

அந்த வாரம் வந்ததெல்லாம் நல்ல சரக்குதான் என்று மிஷின் சொல்லியிருந்தது. அந்த அதிர்ஷ்டத்தை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? மருந்து விஷயம்.

அதனால் ஒரு திருட்டுத்தனம் செய்தோம். லாரி வந்ததும், "நாக்குக்கு ரெஸ்ட் வோணும்" என்று டீக்கடைக்குப் போய்விடுவார். இரண்டு மணி நேரத்தில் மிஷின் ரிசல்ட்டோடு நான் கேட்டுக்கு வருவேன். பாக்கெட்டில் பேனாவைத் தொட்டால் கண் முழுக்க மூட வேண்டும். கண்ணாடியைத் தொட்டால் பாதி. சும்மா நின்றால் மூடக்கூடாது. மேனேஜர் அசந்துபோனார். "மிஷினுக்கும் அவருக்கும் ஒரு புள்ளி வித்தியாசம் இல்லையே!" நான் பேனாவை எடுத்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன்.

போன மாதம் ஒரே சமயத்தில் இரண்டு லோடு வந்தது. மேனேஜரும் வந்து நின்றார். முதல் லாரிக்கு நான் பேனாவைத் தொட்டேன். நாக்கண்ணன் சிட்டிகையை வாயில் போட்டார். கண் மூடவில்லை. மறுபடி தொட்டேன். சட்டையே கிழிகிற மாதிரி பேனாவைத் தட்டினேன். மூடவே இல்லை.

"சார், மிஷினை மறுபடி பாருங்க. வெறும் வைக்கோல் ருசிதான் தெரியுது, இதுல சத்தே இல்ல."

போச்சுடா, வேலை போச்சு என்று லேபுக்கு ஓடினேன். இரண்டு லோடின் சாம்பிள் பாட்டிலையும் ஒன்றுக்கொன்று மாற்றி வைத்திருந்தது நான்தான்! மூச்சிரைக்கத் திரும்பி வந்தேன். அதற்குள் அவர் அடுத்த லாரி மூட்டையில் கைவிட்டு வாயில் போட்டுவிட்டிருந்தார். வலது கண் இறுக மூடியிருந்தது. இரண்டு கண்ணிலும் தண்ணீர்.

"கசக்குது சார்... ஐயோ, இன்னாமா கசக்குது!"

இத்தனை வருஷத்தில் அந்த இலையை நான் வாயில் வைத்ததே கிடையாது. அன்றைக்கு அவர் பக்கத்தில் நின்று நானும் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டேன்.