துரையின் நன்னடத்தை

ஒரு வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தால் அது குடும்ப விஷயம். மூன்றாவது நாய் வந்தால் அது பொது அமைதி சம்பந்தப்பட்ட விஷயம். நகர நிர்வாகம் பல கூட்டங்கள் கூடி, ஏராளமாகத் தேநீர் குடித்து, தீர ஆலோசித்து எடுத்த முடிவு இது. அதன்படி, மூன்றாவது நாயைத் தத்தெடுக்க விரும்பும் குடிமக்கள், ஏற்கெனவே வீட்டில் இருக்கும் இரண்டு நாய்களுக்கும் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கிச் சமர்ப்பிக்க வேண்டும்.

இந்த விதி பூட்டுக்காரர் தலையில் வந்து விடிந்தது. ஊரில் எல்லார் வீட்டுக் கதவுக்கும் பூட்டுப் போட்டுத் தருகிற மனிதர் அவர். அவர் வீட்டுக் கதவு மட்டும் மூடி நின்றதாகச் சரித்திரமே இல்லை. வம்பு, வாலு என்று இரண்டு நாய்கள். வம்பு எம்பிக் கைப்பிடியை அழுத்துவான். வாலு தலையைக் கொடுத்துக் கதவைத் தள்ளுவாள். அப்புறம் தெருவே அவர்கள் சொத்து. காயப்போட்ட துணி, வாசலில் விட்ட செருப்பு, தபால்காரரின் தொப்பி எதையும் அவர்கள் மிச்சம் வைத்ததில்லை. இதுகளுக்கு நன்னடத்தையா என்று பூட்டுக்காரரே விழுந்து விழுந்து சிரித்திருப்பார், துரையைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

துரை, நாய்கள் காப்பகத்தில் இருந்த வேட்டை நாய். பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்றவன். நீளக் கால், ஒட்டிப்போன வயிறு, கூர்மூக்கு. நடையில் ஒரு மிடுக்கு இருந்ததால் அந்தப் பெயர். பழைய போர்வைகளைக் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் பூட்டுக்காரரும் மனைவியும் காப்பகத்துக்குப் போனார்கள். துரை குரைக்கவில்லை, குதிக்கவில்லை. மெல்ல எழுந்து வந்து, பூட்டுக்காரர் தொடைமேல் தன் முழு உடம்பையும் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டான்.

“ஏங்க, கிளம்பலாமா?”

“இரும்மா. தூங்கறான். இப்ப எப்படி நகர்றது?”

கால் மரத்துப்போகும்வரை மனிதர் அப்படியே நின்றார். வீட்டுக்கு வந்த பிறகும் தொடையில் அந்தக் கதகதப்பு போகவில்லை. துரை தனக்கு வேண்டும் என்று மனசு குழந்தை மாதிரி அடம் பிடித்தது.

ஆனால் போட்டிக்கு ஆள் இருந்தது. அந்த வருஷம் ஒல்லி நாய்தான் நாகரிகம். பத்திரிகை அட்டை, பல் டாக்டர் வரவேற்பறை, துணிக்கடை விளம்பரம் எங்கே பார்த்தாலும் ஒல்லி நாய். தெரு மூலை வீட்டில் வீட்டு அலங்காரத் தொழில் செய்யும் ஒரு தம்பதி இருந்தார்கள். “எங்க சோபா சாம்பல் நிறம், அவனும் சாம்பல் நிறம்” என்று காப்பகத்தில் மனு கொடுத்திருந்தார்கள். முந்தின வருஷத்து நாகரிகம் தட்டை மூக்கு நாய். அவர்கள் வாங்கியது இப்போது மாமியார் வீட்டில் இருக்கிறது.

காப்பகத்து அம்மா நியாயஸ்தி. “முதல்ல கேட்டது நீங்கதான். வெள்ளிக்கிழமைக்குள்ள சான்றிதழ் கொண்டு வாங்க. இல்லேன்னா நான் அவங்களுக்குக் குடுத்துத்தான் ஆகணும். சட்டம்” என்றாள்.

பூட்டுக்காரர் கடையைச் சாத்திவிட்டு நகர அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே நன்னடத்தை அலுவலர் என்று ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இருந்தார்.

“நாய்ங்களுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் வேணும் சார்.”

“குடுக்கலாமே. ஒழுங்கான நாய்ங்களா?”

பூட்டுக்காரர் பொய் சொல்லிப் பழகாதவர். “இல்லைங்க.”

“அதனால பாதகமில்லை. பழைய குற்றத்தை நாங்க பார்க்கறதில்லை. ‘இப்ப திருந்திட்டாங்க’ன்னு ஒரு நல்லவர் எழுதிக் குடுத்தா போதும்.”

“நல்லவர்னா யாரு சார்?”

“இந்த ஊர்க் குடியிருப்பாளரா இருக்கணும். அவர் மேல எங்ககிட்ட ஒரு புகார்கூட இருக்கக் கூடாது. அவ்வளவுதான் நல்லவர்.”

பூட்டுக்காரருக்கு உயிர் வந்தது. “எதிர்வீட்டு ரொட்டிக்கடைக்காரர்?”

அலுவலர் கணினியைத் தட்டினார். “வண்டியைக் குறுக்கே நிறுத்தறார்னு பாட்டு டீச்சர் புகார்.”

“அப்ப பாட்டு டீச்சர்?”

“சத்தம் தாங்கலைன்னு ரொட்டிக்கடைக்காரர் புகார்.”

தெரு முழுவதையும் தேடியாயிற்று. ஒவ்வொருவர் மேலும் பக்கத்து வீட்டார் அக்கறையோடு புகார் கொடுத்து வைத்திருந்தார்கள். பூட்டுக்காரர் பேரும் இருந்தது. தன் மேல் யார் கொடுத்தது என்று கேட்க வாயெடுத்தவர், தான் கொடுத்தவை ஞாபகம் வந்து சும்மா இருந்துவிட்டார்.

“சார், நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டா?”

அலுவலர் தொண்டையைச் செருமினார். “என் பேரும் இருக்கு. குடுத்தது என் மாமியார்.”

பூட்டுக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. “இந்த ஊர்ல ஒரு நல்லவன்கூடவா சார் கிடையாது?”

யாரும் புலம்பலாக எடுத்துக்கொள்ளும் இந்தக் கேள்வியை அலுவலர் முறையான விண்ணப்பமாக எடுத்துக்கொண்டார். வெகுநேரம் தட்டினார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் பக்தி தெரிந்தது.

“ஒருத்தர் இருக்கார். காப்பகத்துல குடியிருக்கார். வந்த நாள்லேர்ந்து ஒரு புகார் இல்லை. பேர் துரை.”

“சார், அது நாய்!”

“குடிதண்ணீர் இணைப்பு வாங்கறதுக்காக அங்க இருக்கற எல்லாரையும் குடியிருப்பாளர்னு பதிஞ்சிருக்காங்க. மத்ததெல்லாம் குரைக்குதுன்னு புகார் இருக்கு. இவர் குரைக்கவே இல்லை. விதியில குடியிருப்பாளர்னு போட்டிருக்கு. எத்தனை கால்னு போடலை.”

“அவனைத்தான் சார் நான் தத்தெடுக்கப் போறேன். சொந்தக்காரன் சாட்சி சொல்லலாமா?”

“இன்னும் தத்தெடுக்கலையே? அப்ப சொந்தமில்லை. நீங்க வீணா சந்தேகம் கிளப்பாதீங்க.”

வெள்ளிக்கிழமை காலையில் அலுவலர் மைப்பெட்டியோடு காப்பகத்துக்கு வந்தார். துரை நாலு காலையும் வானத்தைப் பார்க்க நீட்டிக்கொண்டு, பாதிக் கண் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். “வம்பு, வாலு ஆகிய இருவரும் திருந்திவிட்டதாகத் தாங்கள் உறுதியளிக்கிறீர்களா?” என்று அலுவலர் வாசித்தார். துரை பெருமூச்சு விட்டான். ‘மறுப்பு ஏதும் தெரிவிக்கவில்லை’ என்று எழுதிக்கொண்டு, காலைத் தூக்கி மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தினார்.

போகும்போது பூட்டுக்காரரை ஓரமாகக் கூப்பிட்டார். “ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. இவர் மேல ஒரே ஒரு புகார் பதிவானாலும் இவர் குடுத்த சான்றிதழ் அத்தனையும் அன்னிக்கே ரத்து. அப்புறம் தத்து செல்லாது. நாயைத் திருப்பி எடுத்துக்குவோம்.”

“இவன் மேல யார் சார் புகார் குடுக்கப் போறா? நாள் பூராத் தூங்கறான்!” என்று பூட்டுக்காரர் துரையை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தார். துரை நேராகச் சோபாவில் ஏறிப் படுத்தான். புருஷனும் பொண்டாட்டியும் கீழே உட்கார்ந்து அவனைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனார்கள்.

விஷயம் வெளியே பரவாமல் இருக்குமா? ரொட்டிக்கடைக்காரருக்கு ஒரு ஒப்பந்தம் எடுக்க நன்னடத்தைச் சான்றிதழ் தேவைப்பட்டது. பாட்டு டீச்சருக்குப் பள்ளிக்கூட வேலைக்கு. தெரு முழுக்கக் காகிதமும் கையுமாகப் பூட்டுக்காரர் வீட்டில் வந்து நின்றது. துரை தூங்கத் தூங்க எல்லாரும் நல்லவர்கள் ஆனார்கள். பூட்டுக்காரரும் சும்மா இருப்பானேன் என்று தனக்கும் மனைவிக்கும் ஒவ்வொன்று போட்டுக்கொண்டார்.

தூக்கம் கலைந்ததும்தான் வினை ஆரம்பித்தது. வம்பு கைப்பிடியை அழுத்தினான், வாலு தள்ளினாள், துரை பறந்தான். உயரமான மேஜை, அடுப்பு மேடை என்று மற்ற இரண்டுக்கும் எட்டாததெல்லாம் துரைக்கு நின்றபடியே எட்டியது. ரொட்டிக்கடையில் ஒரு கல்யாண கேக்கின் இரண்டு அடுக்கைக் காணோம். முகமெல்லாம் க்ரீமோடு துரை வீடு திரும்பியதைப் பூட்டுக்காரர் பார்த்தார். போச்சு, ஒரு புகார் போதும், துரை போய்விடுவான். விழுந்தடித்துக்கொண்டு எதிரே ஓடினார்.

“அண்ணே, மன்னிச்சுக்கோங்க, கேக்கை...”

“எந்த கேக்?” என்றார் ரொட்டிக்கடைக்காரர். பின்னால் மேஜையில் மிச்ச அடுக்கு சாய்ந்து கிடந்தது.

“துரை தின்னுட்டானே...”

“நான் கேக்கே செய்யலையே! ஒப்பந்தம் நேத்துதான்பா கையெழுத்தாச்சு” என்று கதவை மெதுவாகச் சாத்தினார்.

பாட்டு டீச்சர், தன் தலையணை தானாகவே கிழிந்தது என்றார். பதவி உயர்வுக்குச் சான்றிதழ் வாங்க வந்த அலுவலர் தன் சாப்பாட்டுப் பெட்டியை மேஜைமேல் வைத்தார். துரை திறந்தான், தின்றான், பெட்டியை நக்கியும் வைத்தான். “டாக்டர் என்னை மதியம் சாப்பிட வேண்டாம்னுதான் சொல்லியிருக்கார்” என்றார் அலுவலர், மையில் தோய்ந்த காலைப் பிடித்தபடி.

கடைசியில் கொதித்து எழுந்தது அலங்காரத் தம்பதிதான். துரை அவர்கள் சாம்பல் சோபாவில் ஏறிப் படுத்து, எழுந்து போகும்போது பஞ்சையும் கொண்டு போயிருந்தான். நேரே அலுவலகம் போனார்கள். “தாராளமாப் புகார் குடுங்க. ஆனா குடுக்கறவங்க நல்லவங்கன்னு ஒரு சான்றிதழ் வேணும். புது விதி” என்றார் அலுவலர். அந்த விதியை அன்று காலையில்தான் அவரே எழுதியிருந்தார்.

கையில் கிழிந்த மெத்தையோடு தம்பதி பூட்டுக்காரர் வீட்டு வரிசையில் வந்து நின்றார்கள். துரை அவர்களுக்கும் காலை நீட்டினான். வாசல்வரை போன அந்த அம்மாள் காகிதத்தைத் திரும்பப் படித்துப் பார்த்தாள்.

“ஏங்க, இப்ப புகார் குடுத்தா நம்மளுதும் ரத்தாயிடுமில்ல?”

புருஷன் யோசித்தான். “இந்தத் தடவை வீட்டு அலங்காரப் போட்டிக்கு மனுப் போட இது வேணுமே.”

இரண்டு பேரும் மெத்தையைத் துரைக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் பூட்டுக்காரர் பசியோடு வந்து கையைக் கழுவிவிட்டுத் திரும்பினால், தட்டில் இருந்த முழுக் கோழியும் துரை வாயில் இருந்தது. இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

“டேய் திருட்டுப் பயலே!”

மனைவி பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினாள். “ஐயோ, மெதுவாங்க! ஜன்னல் திறந்திருக்கு. நாலு பேர் காதுல விழுந்தா என்ன ஆகறது?”

பூட்டுக்காரர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். எதிர்வீட்டில் ரொட்டிக்கடைக்காரர், மாடியில் பாட்டு டீச்சர், மூலையில் அலங்காரத் தம்பதி என்று தெருவே ஜன்னலில் நின்றுகொண்டிருந்தது.

“கவலைப்படாதீங்கண்ணே!” என்று ரொட்டிக்கடைக்காரர் கத்தினார். “எங்க யாருக்கும் ஒண்ணும் கேக்கலை!”