படுத்துப் பார்த்த பூச்சி அங்கிள்

பிரிக்பீல்ட்ஸில் பூச்சி அங்கிள் படுக்காத இடம் கிடையாது. கடைவாசல், பஸ் நிறுத்தம், ஒருமுறை பக்கத்துப் பங்சாரில் ஒரு கல்யாண மண்டபத்தின் புதுக் கோலம். குடியுமில்லை, மயக்கமுமில்லை. வண்ணத்துப்பூச்சி என்ன வகை என்று பார்க்கிறாராம். இறக்கையின் மேல்பக்கம் ஆளை ஏமாற்றும், அடிப்பக்கம்தான் உண்மை பேசும் என்பது அவர் கொள்கை. அதனால் பூச்சி செடியில் உட்கார்ந்ததும் இவர் தரையில் மல்லாந்துவிடுவார். அதற்குள் பூச்சி பறந்துவிடும் என்பது வேறு விஷயம்.

கிள்ளானில் ஒரு கோயில் திருவிழா. பிராகாரத்தை ஒட்டி வரிசையாக வெட்சிச் செடிகள். வேட்டியோடு வந்த அங்கிள் முதல் செடியடியில் படுத்தார். பூச்சி அடுத்த செடிக்குத் தாவியது. எழுந்தால் மிரண்டுவிடும் என்று இவர் உருண்டார். அங்கப்பிரதட்சணம் என்று நினைத்த ஒரு அக்கா, ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவர் மேல் ஊற்றினார். மேளம் வந்தது. பின்னால் நாலு பேர் பக்தியோடு உருண்டார்கள். ஒரு சுற்று முடித்து எழுந்தவருக்கு மாலை போட்டு, என்ன வேண்டுதல் என்று கேட்டார்கள்.

"அடிப்பக்கம் இன்னும் பாக்கல லா," என்றார்.

அங்கிளும் நாங்களும் ஒரே பிளாட்டில் ஐந்தாம் மாடி. என் பக்கத்து வீட்டு சரோஜா ஆன்டியின் கறிவேப்பிலைத் தொட்டியில் ஒருநாள் பச்சைப் புழு ஒன்று தென்பட்டது. அன்றிலிருந்து யாரும் இலை கிள்ளக் கூடாது என்று அங்கிள் உத்தரவு போட்டார்.

"ஏண்ணே, சாம்பாருக்கு உங்க சட்டையையா கிள்ளிப் போடறது?" என்றார் ஆன்டி.

இது கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு, கறுப்பு இறக்கைக்காரி, இதுவரை கிட்டத்தில் பார்த்ததே இல்லை என்று அங்கிள் கெஞ்சினார். எங்கும் பறக்கும் வெறும் எலுமிச்சை அழகியாக இருந்தால் இனி இந்தத் தொட்டிப் பக்கமே வரமாட்டேன் என்று சாமி படத்தின் முன் சத்தியமும் செய்துவிட்டார். ஆன்டி ரசத்தைக்கூட இலை இல்லாமல் தாளித்தார்.

புழு கூடாகி, கூடு கறுத்து வந்த நேரத்தில், டெங்கிக் கொசுவுக்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்று லிப்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். அங்கிள் என் கதவைத் தட்டினார்.

"தம்பி, காடி எடு." கார்ச் சாவியை எடுத்தேன்.

தன் செடி தனியாகப் போகாது என்று ஆன்டியும் தொட்டியை மடியில் வைத்துப் பின்சீட்டில் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பங்சார் போகும் வழியில் நெரிசலில் மாட்டி நிற்கும்போது கூடு வெடித்தது. பூச்சி தள்ளாடி வெளியே வந்து, ஆன்டியின் சேலைக் கொசுவத்தைப் பிடித்துத் தொங்கியது. அடிப்பக்கம் பார்க்க வேண்டாமா? அங்கிள் காருக்குள்ளேயே சீட்டுக்கடியில் படுத்துவிட்டார். கண்ணாடியில் எனக்கு அவர் கால் மட்டும்தான் தெரிந்தது.

"எலுமிச்சை அழகி," என்று கீழேயிருந்து சாவுச் செய்தி சொல்லும் குரல் வந்தது.

ஆன்டி குனிந்து பார்த்தார். "எதுவா இருந்தா என்ன, என் செடி வளர்த்த புள்ள. எந்திரிங்கண்ணே."

அங்கிள் சத்தியத்தை மீறவில்லை. தொட்டியைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நடந்தார். ஆன்டிக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரே வாரத்தில் அங்கிள் வீட்டு வாசலில் புதுக் கறிவேப்பிலைத் தொட்டி ஒன்றைக் கொண்டுபோய் வைத்தார்.

"இது பூச்சிக்கு. நான் கிள்ளமாட்டேன்."

படுப்பது சுலபம், எழுவதுதான் கஷ்டம் என்று முட்டி சொல்ல ஆரம்பித்ததும், அங்கிளை மகள் சுபாங் ஜெயாவில் உள்ள தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். அவருடைய தொட்டி ஆன்டியிடம் வந்து சேர்ந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தால், ஆன்டி அந்தத் தொட்டியடியில் போனும் கையுமாக மல்லாந்து கிடக்கிறார். பதறிப் போனேன்.

"சத்தம் போடாத தம்பி. அடுப்புல சாம்பார் இருக்கு, அணைச்சிட்டு வா. கறுப்பா ஒண்ணு உக்காந்திருக்கு. அண்ணனுக்குப் படம் அனுப்பணும்."

அடுப்பை அணைத்துவிட்டு வந்து, தொட்டிக்கு இந்தப் பக்கம் நானும் படுத்தேன். அங்கிள் இல்லாத ஐந்தாம் மாடி எனக்குப் பிடிக்கவே இல்லை. தரையில் படுத்த பிறகுதான் கொஞ்சம் பரவாயில்லை என்று இருந்தது.