முப்பத்தொன்பதாவது கேள்வி

ஜூலை பதினொன்று, செவ்வாய்க்கிழமை. காலை 4.50-க்கு எழுந்தேன். 5.10-க்குப் பால் காய்ச்சினேன். 8.15-க்கு முத்தியால்பேட்டையில் பஸ் ஏறினேன், சன்னலோரம் கிடைக்கவில்லை. 8.52-க்குப் பல்கலைக்கழகத்தில் எங்கள் துறை அலுவலக வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். மேரி 8.49-க்கே போட்டிருந்தாள்.

இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்றால், நான் டைரி எழுதுகிறவள். பத்தொன்பது வருடமாக ஒரு நாள் விட்டதில்லை. ஆனால் மேலே உள்ள பத்தியின் கடைசி வாக்கியம் டைரி அல்ல, பொறாமை என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ஐம்பது வயது ஆகவேண்டியிருந்தது.

லூர்து மேரி ரெட்டியார்பாளையத்துக்காரி. அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை. என்னைவிட ஆறு வருடம் இளையவள். கையெழுத்து சுமார்தான். ஆனாலும் எல்லோரும் சந்தேகம் கேட்க அவளிடம்தான் போவார்கள். அவள் மாமியார் செய்து கொடுத்தனுப்பும் விவிகம் கேக், ரம்மில் ஊறிய அந்த ரவை கேக், பத்து நிமிடத்தில் தீரும். என் சீடை டப்பா மாலையில் போன கனத்திலேயே வீடு திரும்பும்.

இந்த நிலையில்தான், ஜூன் கடைசியில், கணினி மையத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. இனிமேல் கோப்புகள் எல்லாம் கிளவுடில். அதற்கு மூன்று இடங்கள். ஒன்று, அவரவர் சொந்த இடம். வைத்தவருக்கு மட்டுமே தெரியும். இரண்டு, துறையின் பொது இடம். துறையில் எல்லோருக்கும் தெரியும். மூன்று, ஆராய்ச்சிக் கோப்புகளுக்கானது. பெயர் குறித்து அனுமதித்தவர்கள் மட்டும் திறக்கலாம். எதை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு துறையும் வழிமுறை எழுதித் தரவேண்டும்.

"நல்லா எழுதுறவங்கதான் கோப்புப் பொறுப்பாளர். அந்த சன்னல் ரூமும் அவங்களுக்குத்தான்" என்றார் துறைத் தலைவர்.

சன்னல் ரூம்! பதினான்கு வருடமாக நான் ஜெராக்ஸ் மெஷினின் சுடுகாற்றில் உட்கார்ந்திருக்கிறேன். (மே மாதங்களில் என் தலைப்பூ மதியத்துக்குள் காய்ந்து உதிரும்.) அந்த அறை எனக்கென்றே கட்டப்பட்டது என்பது என் முடிவு.

மேரி ஒரே பக்கத்தில் எழுதி முடித்தாள். அதன் முதல் வரி: "இதை யார் பார்க்கணும்? நீங்க மட்டும்னா சொந்த இடம்." அவ்வளவு எளிமையாக எழுதுவதை நான் சோம்பேறித்தனம் என்று குறித்துக்கொண்டேன். என்னுடையது பதினோரு பக்க அட்டவணை. மூன்று இடங்களுக்கும் முப்பத்தொன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கொள்ளளவு, வேகம், தேடும் வசதி, அழித்ததை மீட்கும் வசதி என்று எதையும் விடவில்லை. முப்பத்தொன்பதாவது கேள்வி, "யார் பார்க்கலாம்?"

மேரியின் பக்கத்தைப் பார்த்த அன்றே அதை நீக்கினேன். அவளைப் பார்த்து எழுதியதாக யாராவது சொல்லிவிட்டால்?

மீதி முப்பத்தெட்டுக் கேள்விகளில் துறையின் பொது இடமே அபார வெற்றி பெற்றது. சொன்னதைச் செய்து காட்ட வேண்டாமா? என் கணினியில் இருந்த அத்தனையையும் அங்கே ஏற்றினேன். "இதர" என்ற கோப்புறை உட்பட. மதிய உணவு நேரத்தில் நான் தட்டச்சு செய்யும் டைரி அதில்தான் இருந்தது.

அடுத்த ஐந்து நாளும் அலுவலகம் அதிசயமாக மாறியது. எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். அலுவலக உதவியாளர் ஏழுமலை, அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறவர், என் மேசைக்கே வந்து, "மேடம், ஒம்பது ரெண்டு. வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் அட்டவணை கொண்டுவந்த ஒழுங்கு என்று நினைத்துப் பூரித்தேன்.

அந்தப் பதினொன்றாம் தேதி செவ்வாய், காலை 11.30-க்குக் கூட்டம். தலைவரையும் சேர்த்து எட்டுப் பேர். சுவரில் என் திரை பெரிதாகத் தெரிந்தது.

"பொது இடத்தோட பெருமையே தேடுறதுதான் சார். ஒரு வார்த்தை போட்டா போதும். எந்த ஃபைலுக்குள்ள இருந்தாலும் வரியோட எடுத்துக் கொடுத்துடும்" என்றேன்.

"நல்லா இருக்குதேக்கா!" என்றாள் மேரி, உண்மையான சந்தோஷத்தோடு. (அவளிடம் எனக்குப் பிடிக்காத குணங்களில் இது முதலாவது.) "போன மாசம் நான் போட்ட ஆய்வகக் கடிதத்தைத் தேடிட்டே இருக்கேன். என் பேரைப் போட்டுப் பாருங்கக்கா."

போட்டேன்.

நூற்று நாற்பத்துமூன்று முடிவுகள்.

எங்கள் தலைவருக்கு ஒரு பழக்கம். திரையில் எது வந்தாலும் வாய்விட்டு வாசிப்பார்.

"மேரி புதுப் புடவை. இளநீலம். இந்த மாதம் மூன்றாவது."

சுட்டியைத் தேடினேன். அவசரத்தில் அதை உருட்டிவிட, திரை கீழே ஓடியது.

"மேரி விவிகம் கேக் கொண்டுவந்தாள். சுமார்தான். நான் நான்கு துண்டு."

இன்னும் கீழே.

"மேரி ஏதோ சொல்ல, தலைவர் சிரித்தார். நான் சொன்னதற்கு இருமினார்."

தலைவர் இருமினார்.

ஒருவழியாகக் கணினியின் மூடியையே சாத்தினேன். மேரி என்னையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், கத்தினாலும் தகும்.

"மூணாவது இல்லக்கா, ரெண்டாவது. அந்த இளநீலம் எங்க நாத்தனாருது" என்றாள்.

அறையே வெடித்துச் சிரித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மானம் போனது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் டைரியில் தப்பான எண்ணிக்கையா!

"விடுங்க மேடம். நாங்க அஞ்சு நாளா படிக்கிறோம், போன்லயே வருது. நல்லா எழுதுறீங்க. ஆனா நான் அன்னிக்கு ஒம்பது பத்துக்கு வரல, ஒம்பது அஞ்சு" என்று ஆறுதல் சொன்னார் ஏழுமலை.

"மேரி, உங்க ஒரு பக்கத்தை எல்லாருக்கும் அனுப்பிடுங்க. சன்னல் ரூம் சாவியும் வாங்கிக்கங்க" என்றார் தலைவர், என் பக்கம் திரும்பாமல்.

மேரி சாவியை வாங்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். "சுமார்தான்னு ஏன்க்கா போட்டீங்க? மாமியார் கேட்டா மனசு ஒடிஞ்சுடுவாங்க."

"நாலு துண்டுன்னும் போட்டிருக்கேனே" என்றேன்.

வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். என் கணவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்றிலிருந்து எந்தக் கல்யாணப் பந்தியிலும் அவர் இரண்டாவது முறை பாயசம் கேட்கும்போது என்னைப் பார்த்து, "சுமார்தான்" என்பார். என் மகள் கயல், பக்கத்து வீட்டைப் பற்றி நான் வாயெடுத்தாலே, "இதை யார் பாக்கணும்மா?" என்று கேட்பாள். மேரியின் கேள்வி என் வீட்டிலேயே குடியேறிவிட்டது. அவளுக்குச் சன்னல் ரூம் போதாதா?

ஜூலை பன்னிரண்டு, புதன்கிழமை. 8.41-க்குக் கையெழுத்து. மேரி இன்னும் வரவில்லை. கணினியைத் திறந்ததும் டைரியை என் சொந்த இடத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். அதை இரண்டாவதாகத்தான் செய்தேன். முதல் வேலையாக இளநீலப் புடவைப் பதிவைத் திறந்து, "மூன்றாவது" என்பதை அடித்து, "இரண்டாவது" என்று திருத்தினேன்.