எட்டாம் வீட்டுச் செவ்வாயும் ஒட்டாத கடிதமும்

உருத்திரபுரம்,
12.06.1986

மிகுந்த மரியாதைக்குரிய அத்தான் முத்துலிங்கம் அவர்களுக்கு மைத்துனன் யோகநாதன் எழுதிக்கொள்வது. தங்கள் நலமும் அக்காவின் நலமும் வேண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். எங்கள் நலத்தைப் பற்றி எழுதினால் முழுப் பொய்யாகிவிடும், ஆனபடியால் விட்டுவிடுகிறேன்.

பொருத்தம் பார்க்க விமலேஸ்வரியின் சாதகம் இன்னும் வவுனியாவுக்கு வந்து சேரவில்லை என்று கோபித்திருந்தீர்கள். நான் அனுப்பினனான் அத்தான். கடிதங்களை ஒட்டாமல்தான் போடவேண்டும், குறியீட்டில் ஒன்றும் எழுதக்கூடாது என்று இங்கே புதுக் கட்டளை. நானும் நல்ல பிள்ளையாக ஒட்டாமல் போட்டேன். மூன்றாம் நாள் கடிதங்களைப் பிரித்துச் சோதிக்கிற அரசாங்கக் கந்தோரிலிருந்து ஆள் வந்து, மகளையும் கூட்டிக்கொண்டு வரட்டாம் என்றது. போனால் மேசையில் சாதகம் விரிந்து கிடக்கிறது. பன்னிரண்டு பெட்டி, உள்ளே ரா, கே, சூ, செ. கந்தோர்ப் பெரியவர் அதில் விரலை ஊன்றி மொழிபெயர்ப்பாளன் மூலம் கேட்கிறார்: "இது எந்த முகாமின்ரை வரைபடம்? ராவும் கேயும் ஆர்? ஏன் எதிரெதிரே நிக்கினம்?" "ஐயா, அவை உலகம் தோன்றின நாள் தொட்டு அப்பிடித்தான் நிக்கினம். நானோ நிப்பாட்டினனான்?" என்றேன். "அப்ப இந்த செ எண்டவன் எட்டாம் பெட்டியில என்ன செய்யிறான்?"

அங்கேதான் அத்தான் என் மானம் போனது. பிள்ளைக்கு எட்டில் செவ்வாய் என்பதை நாங்களும் சாத்திரியாரும் தவிர ஒரு குருவிக்கும் தெரியாமல் இருபத்தாறு வருசம் பொத்திப் பொத்தி வைத்திருந்தோமே! சொல்லாவிட்டால் மறியலில் போட்டுக் கம்பி எண்ண வைப்பார்கள். செவ்வாய் தோஷம் என்று சொன்னேன். அந்த மொழிபெயர்ப்பாளனுக்கு என்ன தொண்டை! வாசலில் பயணப் பாஸ் எடுக்க நின்ற சனம் முழுக்கக் கேட்டுது. முன்வீட்டுத் தங்கம்மா "ஐயோ பாவம்" என்று தலையில் கைவைத்தா. நாங்கள் வீடு வந்து சேர முன்னம் கதை ஊர் முழுக்கச் சேர்ந்துவிட்டது.

"குற்றமில்லாதவன் ஏன் ஒளிக்க வேணும்?" என்று கேட்டார் பெரியவர். எனக்கு வந்ததே கோபம்! "ஐயா, குளிக்கிறது குற்றமே? அதுக்காகக் கிணத்தடி வேலியைப் பிரிச்சுப்போட்டே குளிக்கிறம்?" மொழிபெயர்ப்பாளன் இதை மட்டும் மெதுவாகச் சொன்னான். சாதகத்தைத் திருப்பித் தந்து போகச் சொன்னார்கள்.

இனி விடமாட்டன் அத்தான். இந்தக் கடிதத்தை நாலு பக்கமும் பசை பூசி, இறுக்க ஒட்டி, சாதகத்தையும் உள்ளே வைத்து, தபாலிலேயே போடப்போறன். கிழிக்கிறவன் கிழிக்கட்டும். என் பிள்ளையின் சங்கதியை என் பிள்ளையைக் கேளாமல் திறக்க ஆருக்கு என்ன உரிமை? மறியலுக்குப் போனாலும் இதைத்தான் சொல்லுவன்.

அக்காவுக்கு அன்பு, மருமக்களுக்கு ஆசி, இடையில் வாசிக்கிற ஐயாவுக்கும் ஒரு வணக்கம்.

இப்படிக்கு,
பணிந்து பணிந்து முதுகு நொந்த மைத்துனன்,
யோகநாதன்

பி.கு.: மாமா, இது விமலேஸ்வரி. அப்பா பசை காய்ச்சக் குசினிக்குப் போன நேரம் எழுதுகிறேன். கந்தோர்க்காரர் ஒருக்கால்தான் திறந்தவை. எனக்கு வருகிற கடிதம் அத்தனையையும் அப்பா புட்டு அவிக்கிற ஆவியில் பிடித்துத் திறந்து, வாசித்து, திரும்ப ஒட்டித்தான் தாறவர். அந்தப் பெரியவராவது என்னைப் பார்த்து, "இது உம்மடை சாதகமோ?" என்று ஒரு வார்த்தை கேட்டார். இந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. சாதகத்தை உறைக்குள்ளிருந்து எடுத்துவிட்டேன். வேணுமெண்டால் என்னைக் கேளுங்கோ.