களத்தில் காய்ந்த பாட்டுகள்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கோபம் வந்தால் எதையாவது எடுத்துக் கழுவ ஆரம்பித்துவிடுவேன். பாத்திரம், பசுமாடு, கொசுவலை, கைக்கு எது அகப்படுகிறதோ அது. இதனால் வீட்டில் யாருக்கும் பெரிய நஷ்டம் வந்ததில்லை, ஒரே ஒரு தடவை தவிர. அந்தத் தடவை நான் கழுவியது அறுபத்து மூன்று இசைத்தட்டுகளை.

குடவாசல் பக்கத்தில் எங்கள் ஊரில் மைக் செட் என்றால் நாங்கள்தான். மரம் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது, ஒயர் இழுப்பது எங்கள் வீட்டுக்காரர். பாட்டுப் போடுவது நான். (அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். குழாய்க்குப் பக்கத்தில் இருந்து இருந்து வந்தது என்பார். என் பேச்சைக் கேட்டுக் கேட்டு வந்தது என்று ஊரில் சொல்வார்கள்.) மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். பஸ்ஸில் ஊர்ப்பெயர் படிப்பேன். தட்டில் இருக்கிற எறும்பு எழுத்தெல்லாம் எனக்கு ஆகாது. அதனால் தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் அடையாளம் வைத்திருந்தேன். குங்குமப் பொட்டு வைத்தது கல்யாணம், காதுகுத்துக்கு. விபூதியைக் குழைத்துக் கோடு போட்டது சாமிப் பாட்டு. கரிக்கோடு போட்டது துக்க வீட்டுக்கு. முப்பது வருஷம் ஒரு தடவைகூட மாற்றிப் போட்டதில்லை. படித்தவர்கள் போடட்டும் பார்ப்போம் அப்படி.

அப்போதுதான் குமார் வந்தான். வேறு யாருமில்லை, என் நாத்தனார் மகன். ஒரு லேப்டாப், பட்டன் பட்டனாக வெளிச்சம் எரிகிற ஒரு பெட்டி, இரண்டு ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர். டிஜே என்றான். இளவட்டமெல்லாம் அவன் பக்கம் போய்விட்டது. சித்திரையில் மாரியம்மன் திருவிழாவுக்கு எந்த செட் என்று பேச்சு வந்தபோது தர்மகர்த்தா நழுவப் பார்த்தார்.

"உங்க தெரு செல்வி பேரப்புள்ளைக்குக் காதுகுத்து வருதுல்ல. அப்பா வீட்டு சார்பா நீங்க போடுங்க, தாய்மாமன் சார்பா குமார் போடட்டும். கேட்டுட்டு முடிவு பண்ணிக்கலாம்" என்றார்.

முப்பது வருஷமாக அந்த அம்மனை எழுப்பித் தூங்க வைத்தவளுக்குப் பரீட்சை. சரி என்றேன். பயமில்லை. பயம் வந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

சிங்காரம் வாத்தியார் என்று ஒருவர். டிரில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் குறை சொல்லாத பொருள் ஊரில் கிடையாது. நல்ல மழை பெய்தால்கூடப் போன வருஷத்து மழை ஒழுங்காகப் பெய்தது என்பார். காதுகுத்துக்கு இரண்டு நாள் முன்னால் பால் வாங்கப் போனவளை நிறுத்தினார்.

"குமார் பாட்டு கண்ணாடி மாதிரி இருக்கும்மா. உன் தட்டுல பாட்டைவிட அப்பளம் பொரியிற சத்தம்தான் ஜாஸ்தி."

கடையே சிரித்தது. தர்மகர்த்தாவும் சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அப்பளம் இல்லாம உங்களுக்குச் சோறு எறங்குமா வாத்தியாரே" என்று கேட்டுவிட்டு நிமிர்ந்த நடையாக வீட்டுக்கு வந்தேன். வந்ததும் கை பரபரவென்றது.

தூசியால்தானே கரகரப்பு? மறுநாள் காலை அண்டாவில் தண்ணீர் நிரப்பினேன். சீயக்காய் கரைத்தேன். ஒவ்வொரு தட்டையும் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுவதுபோல் தேய்த்துக் குளிப்பாட்டினேன். களத்தில் புழுங்கல் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் காலி இடத்தில் வரிசையாகப் பரப்பி, கையில் கோலோடு காவலுக்கும் உட்கார்ந்தேன். காக்கை வந்து பாட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுமோ என்று பயந்த எனக்கு வெயிலைப் பற்றி நினைப்பு வரவில்லை. (அப்போது எனக்கு வயது அறுபத்திரண்டு. அந்த வயதுக்கு அவ்வளவுதான் விவரம்.)

மத்தியானம் சாப்பிட வந்த எங்கள் வீட்டுக்காரர் களத்தைப் பார்த்தார்.

"இது என்னா புள்ள, இவ்வளவு அப்பளம்?"

தட்டெல்லாம் ஓரம் தூக்கி, நெளிநெளியாக நின்றது.

"வாயை மூடிட்டு மூட்டையத் தூக்குங்க" என்றேன். இரவு முழுக்க இரண்டு நெல்மூட்டைக்கு அடியில் கிடத்தினோம். காலையில் பாதி நிமிர்ந்திருந்தது. மீதியை நான் நிமிர்த்திக்கொள்கிறேன் என்று அள்ளிக் கட்டிக்கொண்டு காதுகுத்து நடக்கிற கோயிலுக்குப் போனேன்.

முடி இறக்கும்வரை குமார் போட்டான். நன்றாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். காது குத்துகிற நேரம் என் முறை. ஆசாரி ஊசியோடு தயார். தாய்மாமன் மடியில் மொட்டைத் தலையோடு பிள்ளை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு தயார். தர்மகர்த்தா நாற்காலியை என் குழாய்க்கு நேராகப் போட்டுக்கொண்டார். குங்குமப் பொட்டுத் தட்டை எடுக்கலாம் என்று கட்டைப் பிரித்தேன்.

ஒரு தட்டிலும் பொட்டில்லை. கோடுமில்லை. அறுபத்து மூன்றும் சீயக்காய் மணத்தோடு, பளிச்சென்று, ஒன்றுபோல இருந்தன.

"அத்தை, நான் படிச்சுச் சொல்லவா?" என்று குமார் மெதுவாகக் கேட்டான். நல்ல மனசோடுதான் கேட்டான்.

"எனக்குத் தெரியும்டா" என்றேன். கனத்தைப் பார்த்து ஒன்றை உருவினேன். தட்டில் ஓடுகிற ஊசி குதிக்காமலிருக்க அதன் தலையில் ஒரு நாணயத்தை வைத்துப் போட்டேன்.

முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. கரிக்கோட்டுத் தட்டு. எங்கள் பக்கம் யாராவது தவறிவிட்டால் அதிகாலையில் முதலில் கேட்கிற பாட்டு அது. அதுவும் நெளிந்த தட்டில், பாடுகிறவர் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறி அழுகிறார். எங்கள் வீட்டுக்காரர் கட்டிய குழாய் வேறு நாலு ஊருக்குக் கேட்கும். ஆசாரி ஊசியை வைத்துவிட்டுத் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டினார். மேலத்தெருவிலிருந்து இரண்டு கிழவிகள் முடியை அவிழ்த்துவிட்டபடி ஓடி வந்தார்கள்.

"யாருடி போயிட்டா? செல்வி மாமியாரா?"

செல்வியின் மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "நான் இங்கனதான் இருக்கேன்" என்று கையைத் தூக்கிக் காட்டினார்.

தட்டை நிறுத்தக் கை வரவில்லை எனக்கு. அந்த நேரத்தில், அழுவதற்கு வாயைத் திறந்த அந்தப் பிள்ளை, பாட்டு ஏறி இறங்குவதைக் கேட்டு, கெக்கெக்கே என்று சிரித்தது. ஆசாரி கெட்டிக்காரர். சிரித்து முடிப்பதற்குள் இரண்டு காதையும் குத்திவிட்டார். அழாமல் காது குத்திக்கொண்ட பிள்ளை எங்கள் ஊரில் அது ஒன்றுதான். அந்தப் பெருமை என்னுடையது. வேறு யாரும் இதுவரை கேட்டு வரவில்லை.

திருவிழா குமாருக்குப் போனது. காப்புக் கட்டித் திருவிழா தொடங்கி மூன்று நாள் நான் வெளியே வரவில்லை. வீட்டில் கழுவ ஒன்றும் பாக்கியில்லை. நாலாம் நாள் குமார் வாசலில் நின்றான்.

"அத்தை, நாலாயிரம் பாட்டு வச்சிருக்கேன். எப்ப எதைப் போடறதுன்னு தெரியல. சாமி பொறப்படுறப்ப குத்துப்பாட்டு போட்டுட்டேன். தர்மகர்த்தா அடிக்க வந்துட்டாரு."

"எனக்குப் படிக்க வராதுடா" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன்.

அவன் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினான். பட்டனுக்கு எந்த நிறம் கேட்டாலும் வருமாம். சிவப்பு கல்யாணத்துக்கு, வெள்ளை சாமிக்கு, துக்கத்துக்கு வெளிச்சமே எரியாத பட்டன். சீயக்காய் போட்டாலும் போகாத குங்குமம். மறுநாள் சாமி புறப்பாட்டுக்கு நான்தான் பட்டனை அழுத்தினேன். இன்றுவரை அழுத்துகிறேன்.

சிங்காரம் வாத்தியார் விடுவாரா?

"ரொம்ப சுத்தமா இருக்கும்மா. உசிரு இல்ல. தட்டுல ஒரு கரகரப்பு இருக்கும் பாரு, அதுல ஒரு சொகம்" என்று ஆரம்பித்தார். ஒரு வருஷம் இதையே சொன்னார். முன்பென்றால் எதையாவது கழுவியிருப்பேன். இந்தத் தடவை பொறுத்திருந்தேன்.

அவர் பேத்திக்கு வளைகாப்பு. செட் எங்களுடையது. சாப்பாட்டுப் பந்தி தொடங்கும்போது சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டு, மைக்கை எடுத்துக்கொண்டு சமையல் கொட்டகைக்குள் போனேன். அப்பளம் பொரிகிற சட்டிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்துப் பந்தியில் வாத்தியார் கண்ணை மூடித் தலையாட்டிக் குரல் கொடுத்தார்.

"ஆங், இதாம்மா பாட்டு. தட்டுதான போட்டிருக்க?"

"ஆமாங்க வாத்தியாரே. சூடா இருக்கு" என்று சட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வந்து அவர் இலையில் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். என் கையிலிருந்த மைக்கைப் பார்த்தார். பிறகு நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் விழுந்து சத்தம் வந்தால், உள்ளே யார் இருந்தாலும் குரல் கொடுப்பார்கள்: "வாத்தியாருக்குப் பாட்டுப் போட்டாச்சு, இலையப் போடுங்க."