விம்கோ நகர் தெரு ஒரு வாடையை வரவேற்ற வரலாறு

விம்கோ நகரில் எங்கள் தெருவுக்கு தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு வாடை வரும். அழுகின முட்டையை பிளாஸ்டிக் கவரில் போட்டு எரித்தால் எப்படி இருக்கும், அப்படி. கம்பெனிப் புகைபோக்கியிலிருந்து வருகிறது என்று தெருநாய்க்குக்கூடத் தெரியும். டோல்கேட்டில் இருக்கிற வாடைக் குறைதீர்ப்பு அலுவலகத்துக்கு மட்டும் தெரியாது. அங்கே அது ஆய்வில் உள்ளது. நான் ஒன்றாவது சேர்ந்தபோதும் ஆய்வில் இருந்தது, பதினொன்றாவதோடு நின்றபோதும் ஆய்வில் இருந்தது. நானாவது வெளியே வந்துவிட்டேன்.

எதிர்வீட்டு ஐரீன் அத்தைக்கு இருமல். ஆறு மணிக்குப் பிடித்தால் விடிய விடிய விடாது, தூக்கமே கிடையாது. வாடை நிற்க வேண்டும், அத்தை தூங்க வேண்டும். எங்கள் தெருவுக்கு இதைத் தவிர கோரிக்கை எதுவும் இல்லை.

ஆகவே அரசு, பொதுமக்கள் நலன் கருதி, என் அக்கா ஹெப்சிபாவை நியமித்தது. பதவியின் பெயர், சமூக உணர்வுசார் ஏற்புவழி மனநல ஆலோசகர். ஒப்பந்த வேலைதான். மூன்று மாதத்தில் புகாரே இல்லாமல் போனால் நிரந்தரம். இதற்கு முன் அக்கா ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஊழியர்களின் கவலையைப் போக்கினாள். கவலை போனவர்கள் எல்லாம் வேலையை விட்டுப் போனார்கள். அப்புறம் அக்காவையும் போகச் சொன்னார்கள்.

முதல் நாளே அக்கா அதிகாரி தங்கப்பாண்டியிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"சார், ஜனங்க மனசுல கோளாறு இல்ல. புகைபோக்கிலதான் கோளாறு."

"புகைபோக்கி மனநலத்துல வராது மேடம்."

"ஐரீன் அத்த தூங்கி மாசக்கணக்கா ஆச்சு சார்."

"அது வரும். தூக்கம் உங்க பிரிவு. வாடை எங்க பிரிவு. ஆய்வுல இருக்கு."

அக்காவுக்குப் பக்குவம் போதாது என்று ஈசிஆர் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். அங்கே சுத்தமான கடல்காற்று. அந்தக் காற்றில் உட்கார்ந்துதான் வாடையை ஏற்றுக்கொள்ளக் கற்றாள். விரட்டாதே, கவனி. எதிர்க்காதே, விருந்தாளியாக நடத்து. இது ஏற்புவழி. சமூக உணர்வு எங்கே என்று கேட்டதற்கு, நாற்காலியை எடுத்துவிட்டு பாய் போடச் சொன்னார்களாம்.

திரும்பி வந்து தெருவில் பாய் போட்டாள். குரல் மாறியிருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் ஒருதரம் மூச்சு விட்டாள்.

"அத்த, கண்ண மூடுங்க. ஆழமா மூச்ச இழுங்க."

"இழுத்தாதானேமே இருமலே வருது."

"வரட்டும். திட்டாதீங்க. வாடைன்றது வூட்டுக்கு வந்த விருந்தாளி."

"இன்னா விருந்தாளி? டெய்லியா வருவான்?"

டீக்கடை சுஃபியான் பாய் கிளாஸ் கழுவிக்கொண்டே சொன்னார்: "டெய்லி வந்து, போவாம, நம்மளயே மொறச்சிகினு குந்திகினு கீறான்னா அவன் விருந்தாளி இல்லம்மா. மாப்ள."

தெருவே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "அப்படியே வெச்சுக்கலாம்" என்றாள்.

மாப்பிள்ளை என்று ஆனபிறகு எல்லாமே மாறிப்போனது. மாப்பிள்ளையைப் பார்த்து மூக்கைப் பொத்தினால் மரியாதையா? பொத்துவதை நிறுத்தினோம். அவர் வருகிற நேரத்தில் ஜன்னலைச் சாத்தலாமா? திறந்து வைத்தோம். வாசலில் தண்ணீர் தெளித்தோம். பாய் தனியாக ஒரு டீ ஊற்றி வைத்தார், சர்க்கரை தூக்கலாக. யார் வீட்டுக்கு முதலில் வந்தார் என்று சண்டைகூட நடந்தது. "எங்க வூட்லதான் ரொம்ப நேரம் குந்திகினு இருந்தாரு" என்று ஐரீன் அத்தை இருமிக்கொண்டே பெருமைப்பட்டார். இருமல் அப்படியேதான் இருந்தது. அத்தைதான் அதை மாப்பிள்ளையோடு பேச்சு என்று எடுத்துக்கொண்டார். பேசிப் பேசிக் களைத்துத் தூங்கவும் ஆரம்பித்தார்.

"அக்கா, அத்த இருமல் நிக்கவே இல்லியே" என்றேன்.

"நிக்கணும்னு நெனைக்கிற பாரு, அதான் உன் பிரச்சன."

புகார் பூஜ்யமானது. தங்கப்பாண்டி சால்வையோடு வந்து, மூக்கில் கர்சீப்பை வைத்துக்கொண்டு, எங்கள் மனவலிமையைப் பாராட்டிப் பேசினார். பக்கத்துத் தெருவில் இரண்டு வாடை. அவர்களும் வந்து பாய் போடச் சொல்லி அக்காவைக் கேட்டார்கள். அங்கே இரண்டும் சகலை ஆயின.

மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது கம்பெனியில் ஏதோ மெஷின் படுத்துவிட்டது. ஆறு மணி ஆனது. வாடை வரவில்லை. வெறும் உப்புக்காற்று வந்தது. தெரு முழுக்க வாசலில் நின்றது. நானும் நின்றேன், சும்மா வேடிக்கை பார்க்கத்தான் என்று சொன்னால் அது பொய்.

"இன்னா நைனா, மாப்ள கோச்சிகினாரா?" என்றார் பாய்.

ஐரீன் அத்தை முகம் வெளுத்துவிட்டது. "நேத்து நான் மூக்க சொறிஞ்சேன். பொத்துறேன்னு நெனச்சிகினாரோ இன்னாவோ."

அன்றைக்கு அத்தை இருமவில்லை, தூங்கவும் இல்லை. யாருமே தூங்கவில்லை. மறுநாளும் அதே கதை. அதற்கு அடுத்த நாள் காலையில் தெருவே கிளம்பி டோல்கேட்டுக்குப் போய்ப் புகார் கொடுத்தது: வாடையைக் காணோம்.

தங்கப்பாண்டி அக்காவை உள்ளே கூப்பிட்டார்.

"மேடம், உங்க நிரந்தர ஆணை ரெடியா இருக்கு. இப்ப போயி ஒரு புகாரு. நல்ல காத்தையும் ஏத்துக்கச் சொல்லுங்க."

"அதுக்கு டிரெய்னிங் குடுக்கல சார்."

அவர் சட்டப்படி யோசித்தார். வாடை வந்தால் ஆய்வு செய்ய வேண்டும். வராத வாடையை ஆய்வு செய்ய முடியாது. எனவே நடவடிக்கை எடுக்கத் தடை ஏதும் இல்லை. கம்பெனிக்குப் போன் போட்டார். இத்தனை வருஷமாக எடுக்காத போனை ஒரே மணியில் எடுத்தார்கள். பார்ட்ஸ் வரப் பத்து நாள் ஆகும் என்றவர்கள், அரசு கேட்டதால் அன்றைக்கே வரவழைப்பதாகச் சொன்னார்கள்.

அக்கா கதவருகே நின்று திரும்பினாள். பழைய குரல் கொஞ்சம் வந்தது.

"சார், அத்த ரெண்டு நாளா இருமவே இல்ல."

"அது புகார்ல எழுதலியே மேடம்."

அக்கா ஒருதரம் மூச்சு விட்டாள். ஆணையை வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துவிட்டது. முன்னைவிட நன்றாகவே வந்தது, புது பார்ட்ஸ் இல்லையா. துறையின் வரலாற்றிலேயே கொடுத்த அன்றைக்கே தீர்ந்த முதல் புகார் எங்களுடையதுதான் என்று தங்கப்பாண்டி போனில் வாழ்த்தினார். தெரு கைதட்டியது.

ஐரீன் அத்தை இருமி, கண்ணில் தண்ணீர் கோத்து, மறுபடி இருமி, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பதாம்மா கண்ணு, நல்லா மூச்சு வுட முடியுது."